ஐரோப்பிய உறவுச்சொற்களின் வேரைக் கண்டறிவது எப்படி?

படி 1: எடுத்துக்கொண்ட சொல்லின் இன்றைய வடிவத்தை நம்பாமல், எழுத்தில் பதிவான மிகப் பழைய வடிவத்தைத் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். இணைய அகராதியான விக்சனரி தொடக்கத்திற்கு மட்டுமே போதும். ஜெர்மன் சொற்களுக்கு, 1883இல் முதன்முதலாக வெளிவந்த குளூகேயின் சொற்பிறப்பு அகராதியையே நான் முதலில் புரட்டுவேன்.

படி 2: மழலைச் சொற்களைக் கழித்துவிடுங்கள். அவை எந்த மொழியிலும் தனித்தனியே தோன்றக்கூடும் என்பதால், அவற்றின் ஒற்றுமை உறவுக்குச் சான்றாகாது. ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் தந்தை, ‘தேதா’ என்றால் தாய்.

படி 3: ஒலிகளை வரிசைப்படுத்துங்கள். லத்தீன் ‘பத்தெர்’, ஆங்கில ‘ஃபாதர்’ இரண்டும் ஒரே மூலமொழியிலிருந்து வந்தவை; ஒன்றில் ‘ப’ இருக்குமிடத்தில் மற்றதில் ‘ஃப’ வருவதற்கான விதியை ஜெர்மன் மொழியறிஞர் யாக்கோப் கிரிம் 1822இல் விளக்கினார். பலரும் தடுமாறுவது இதற்கடுத்த இடத்தில்தான். ‘ஃபாதர்’, ‘பிரதர்’ இரண்டிலும் நடுமெய் ஒன்றாகவே ஒலிப்பதால் ஒரே விதி போதுமென்று தோன்றும். ஆனால் ஜெர்மனில் அவை ‘ஃபாட்டர்’, ‘ப்ரூடர்’ என்று வேறுபட்டு நிற்கின்றன. பழைய ஆங்கிலத்திலும் தந்தைச் சொல்லில் டகரமே இருந்தது. இன்றைய ஒற்றுமை பிற்காலத்தில் நேர்ந்தது. மூலமொழியில் அழுத்தம் அந்த மெய்க்கு முந்தைய உயிரில் விழாதபோது மெய் அதிர்வொலியாக (குரல்நாண் அதிர ஒலிப்பதாக) மாறியது என்று டென்மார்க்கின் கார்ல் வெர்னர் 1877இல் வெளியிட்ட கட்டுரையில் காட்டினார். வேத சம்ஸ்கிருதத்தில் ‘பிதா’வின் அழுத்தம் இரண்டாம் அசையிலும், ‘ப்ராதா’வின் அழுத்தம் முதல் அசையிலும் விழுவதே அதற்குச் சான்று. தமிழ் எழுத்து அதிர்வொலியைப் பிரித்துக் காட்டாது என்பதால், குறிப்பெடுக்கும்போது தனி அடையாளம் இட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: பொருளைச் சரிபாருங்கள். லத்தீனில் ‘அவுங்குலுஸ்’ தாய்மாமன், ‘பத்ருவுஸ்’ தந்தையின் உடன்பிறந்தான், ‘அமித்தா’ அத்தை, ‘மாத்தெர்த்தெரா’ தாயின் உடன்பிறந்தாள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்திற்கு வந்த ‘அங்கிள்’ தாய்மாமனிடமிருந்தும், ‘ஆன்ட்’ அத்தையிடமிருந்தும் பிறந்தவை. மற்ற இரு சொற்களும் அங்கே வந்து சேரவில்லை. ‘அவுங்குலுஸ்’ என்பதே பாட்டனைக் குறிக்கும் ‘அவுஸ்’ என்பதன் குறுமை வடிவம். சுவீடிஷ் மொழியோ, தந்தைவழிக்கு ‘ஃபார்ப்ரூர்’ என்றும் தாய்வழிக்கு ‘மூர்ப்ரூர்’ என்றும் இன்றும் பிரித்தே வழங்குகிறது. ஜெர்மன் ‘ஃபெட்டர்’ முன்பு தந்தையின் உடன்பிறந்தானைக் குறித்து, இப்போது தந்தைவழி, தாய்வழி என்ற வேறுபாடின்றிப் பெற்றோரின் உடன்பிறந்தாரின் மகனைக் குறிப்பதால், பழைய நூல்களில் அதைக் கண்டால் காலத்தைப் பார்க்காமல் பொருள் எழுதாதீர்கள்.

பின்சேர்க்கை: நெருங்கிய உறவுச்சொற்கள் கடனாக வருமா என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். வரும். பின்னிஷ் மொழியில் தாயைக் குறிக்கும் ‘ஐத்தி’ ஜெர்மானிய மொழியிலிருந்து பெற்றது. சொந்தச் சொல்லான ‘எமோ’ இன்று பெரும்பாலும் தாய் விலங்கையே குறிக்கிறது. ஆகவே படி 3இல் ஒலி பொருந்தினாலும், கடன் வந்த வழியையும் சோதித்த பிறகே மொழிக்குடும்ப உறவு என்று எழுதுங்கள்.