மைக் ஸ்டாண்டைத் தொட்டால் சுர்ரென்று இழுத்தது: என் அனுபவம்

ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு பள்ளி மைதானம். சுதந்திர தின ஒத்திகையில், ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்ற பிள்ளை மைக் ஸ்டாண்டைத் தொட்டதும் கையை உதறினாள். செருப்புப் போட்ட எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உடனே மெயினை அணைத்தேன்.

மைக்கை மாற்றினேன், மைக் ஒயரை மாற்றினேன், ஆம்ப்ளிஃபயரையும் வாடகைக்கு வேறு எடுத்தேன். இதிலேயே மூன்று நாள் போனது. எல்லாவற்றையும் அறைக்குள் கொண்டுபோய்ச் சோதித்தால் ஒரு குறையும் இல்லை.

அப்புறம் மைதானத்திலேயே மல்டிமீட்டர் வைத்தேன். ஆம்ப்ளிஃபயர் உடம்புக்கும் மண்ணில் அடித்த கம்பிக்கும் இடையே சுமார் 90 வோல்ட்! கசியும் மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுபோகும் எர்த் ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது. எக்ஸ்டென்ஷன் ஒயரைக் கழற்றி, பிளக்கின் பெரிய பின்னுக்கும் மறுமுனை சாக்கெட்டின் எர்த் துளைக்கும் மீட்டரில் பீப் பார்த்தேன்; இணைப்பு இருந்தால் சத்தம் வரும். சத்தம் வந்தது. சரிதானே என்று வைக்கப்போகையில் ஒயர் இழுபட்டது, பீப் நின்றது. பிளக்குக்குள் பச்சை எர்த் ஒயர் திருகில் ஒட்டிக்கொண்டு மட்டும் இருந்தது. அறையில் ஒயர் தளர்வாகக் கிடக்கும். மைதானத்தில் விறைப்பாக நிற்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

பச்சை ஒயரை மற்ற இரண்டையும்விட அரை அங்குலம் நீளமாக விட்டு முறுக்கி, கிளாம்பை இறுக்கினேன். இழுபட்டாலும் எர்த் கடைசியில்தான் விடும். மீட்டரில் 1 வோல்ட்கூட இல்லை. மறுநாளே, மின்சாரம் கசிந்தால் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் சுவிட்ச் (ஆர்சிசிபி) ஒன்றும் போட்டாயிற்று.