சிட்-அவுட்டில் பூந்தொட்டி: நர்சரி மண்ணுருண்டையைக் கவனியுங்கள், மற்றதெல்லாம் சுலபம்

நர்சரியில் கொத்துக்கொத்தாகப் பூத்திருந்த செடி, வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரம் மொட்டு உதிர்ந்து குச்சியாக நிற்கிறதா? உரக்கடைக்கு ஓடாதீர்கள். தொட்டியைச் சாய்த்து, செடியை வெளியே எடுத்து, வேரைச் சுற்றியுள்ள மண்ணைத் தொட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்குப் பதில் அங்கேயே கிடைத்துவிடும். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவில் அதிகம் எழுதப் போகிறேன். அதற்கு முன் வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் வெயில்

செடி வாங்கும் முன் உங்கள் சிட்-அவுட்டிலோ போர்டிகோவிலோ வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது என்று பாருங்கள். ஒருநாள் பார்த்தால் போதாது, சென்னையில் அது மாதத்துக்கு மாதம் மாறும். ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் நடு வரை உச்சி வேளையில் சூரியன் நமக்கு வடக்குப் பக்கம் இருக்கிறது. அப்போது வடக்குப் பார்த்த பால்கனிக்குக் கூட நேர் வெயில் வரும். தெற்குப் பார்த்த வாசலுக்கு டிசம்பர், ஜனவரியில்தான் வெயில் உள்ளே வரை நீளும். அதனால் 'வெயிலே வராத பால்கனி', 'நல்ல வெயில் வாசல்' என்று நாம் சொல்வதெல்லாம் அரை வருஷக் கணக்குதான். தொட்டியை இடம் மாற்றும்படி வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

ஐந்து, ஆறு மணி நேரம் வெயில் விழுந்தால் குண்டுமல்லி, செம்பருத்தி, காகிதப்பூ, டேபிள் ரோஸ், அடினியம். மூன்று, நாலு மணி நேரம் என்றால் இட்லிப்பூ, நந்தியாவட்டை, கனகாம்பரம். வெயிலே இல்லாத போர்டிகோவில் மல்லி வைத்தால் இலை வரும், பூ வராது. அங்கே பீஸ் லில்லி, ஆந்தூரியம் போதும். திருவான்மியூர், கொட்டிவாக்கம் மாதிரி கடலோரத்தில் இருந்தால் உப்புக் காற்றில் இலை ஓரம் கருகும். காகிதப்பூ, அரளி, நித்தியகல்யாணி அதைத் தாங்கும். அரளியிலும் அடினியத்திலும் விஷப் பால் உண்டு, கைக்குழந்தை இருக்கும் வீட்டில் வேண்டாம்.

ரோஜா ஆசை எல்லோருக்கும் இருக்கும். ஓசூர், பெங்களூரு குளிரில் வளர்ந்த ஹைபிரிட் ரோஜாவை முதல் செடியாக வாங்காதீர்கள். பன்னீர் ரோஜாவில் தொடங்குங்கள். பூ சின்னதுதான், ஆனால் நம் ஊர் வெயிலைத் தாங்கும், வாசனையும் உண்டு.

தொட்டி

மல்லிக்கும் செம்பருத்திக்கும் பன்னிரண்டு அங்குலத் தொட்டியாவது வேண்டும். நான் ஓட்டுப் போடுவது மண் தொட்டிக்குத்தான். சீக்கிரம் காய்ந்துவிடும் என்பது உண்மைதான், ஆனால் மே மாதத்தில் வேர் வேகாமல் காப்பதும் அதுதான். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி மேற்கு வெயிலில் கொதித்துவிடும். பிளாஸ்டிக் தான் வேண்டும் என்றால் வெளிர் நிறத்தில் வாங்குங்கள். சிமெண்ட் தொட்டி எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. கனம் ஒரு பக்கம், புதுத் தொட்டியில் இருந்து கசியும் சுண்ணாம்பு இன்னொரு பக்கம். மூன்று கால் இரும்பு ஸ்டாண்டு கடல் காற்றில் துருப்பிடித்து டைல்ஸில் கறை விடும். தொட்டிக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்தால் போதும்.

மண் கலவை

செம்மண் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) ஒரு பங்கு, நெல் உமி அரைப் பங்கு, தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. கோகோபீட் கட்டியை ஊறவைத்து, பிழிந்து, மறுபடி புதுத் தண்ணீரில் அலசிப் பிழியுங்கள். அதில் உப்பு இருக்கும். உமி கிடைக்காதவர்கள் எம்-சாண்ட் போடலாம், ஆனால் தூசி போகக் கழுவிவிட்டுப் போடுங்கள். கழுவாமல் போட்டால் மண் இறுகிவிடும். கடற்கரை மணலை மட்டும் எந்தக் காரணத்துக்கும் அள்ளி வராதீர்கள்.

மண்ணுருண்டை: எல்லோரும் சிக்கும் இடம்

சென்னை நர்சரிகளில் இருக்கும் செடிகளில் பல வெளியூரில் இருந்து லாரியில் வருபவை. ஆந்திராவில் ராஜமுந்திரி பக்கத்தில் இருக்கும் கடியம் இதற்குப் பேர் போன ஊர். வழியில் வேர் காயாமல் இருக்க, செடியின் அடியில் ஒட்டும் களிமண்ணை உருண்டையாகப் பிடித்து அனுப்புகிறார்கள். பயணத்துக்கு அது நல்லது. உங்கள் தொட்டிக்குள் வந்தபிறகுதான் வினை.

அந்த உருண்டையைச் சுற்றி நீங்கள் பொலபொலவென்ற கலவையைப் போடுகிறீர்கள். தண்ணீர் விட்டால் அது சுலபமான வழியாகக் கலவைக்குள் இறங்கி, அடி ஓட்டை வழியாக வெளியே போய்விடும். களிமண் ஒருமுறை காய்ந்து இறுகிவிட்டால் தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சாது. மேலே பார்த்தால் தொட்டி ஈரம், உள்ளே வேர் வறட்சி. மழைக்காலத்தில் இதே உருண்டை தலைகீழாக வேலை செய்யும்: குடித்த தண்ணீரை விடாமல் பிடித்துக்கொண்டு வேரை அழுக வைக்கும்.

சோதிப்பது எளிது. தண்டுக்குப் பக்கத்தில் ஒரு துடைப்பக் குச்சியைச் செருகுங்கள். ஓரத்தில் சரசரவென்று இறங்கும் குச்சி நடுவில் முட்டி நின்றால், உருண்டை அப்படியே இருக்கிறது.

புதுச் செடி என்றால் இப்படிச் செய்யுங்கள். வாங்கி வந்ததும் நடாமல், பையோடு நிழலில் ஒரு வாரம் வையுங்கள். அப்புறம் ஒரு மாலை நேரம், பையை பிளேடால் கிழித்து (இழுக்காதீர்கள்), வேர்ப்பகுதி முழுவதும் முங்கும்படி வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் வையுங்கள். களிமண் வெளிப்பக்கத்தில் இருந்து குழையத் தொடங்கும். விரல் நுனியால் அதை நீருக்குள்ளேயே தடவி விடுங்கள், பிய்க்க வேண்டாம். வெளியே இருந்து மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சினால் பாதி கரைந்து, வேர் நுனிகள் வெளியே தெரிந்தால் நிறுத்திவிடலாம். முழுவதும் கழுவி வேரை வெறுமையாக்க நினைக்காதீர்கள்.

செம்பருத்தியும் நந்தியாவட்டையும் இதை எளிதாகத் தாங்கும். இட்லிப்பூவுக்கும் ரோஜாவுக்கும் கை மென்மையாக இருக்கட்டும். காகிதப்பூவின் வேரைத் தொடவே கூடாது. ஒடிந்தால் செடி முரண்டு பிடிக்கும். அதற்கு மட்டும் உருண்டையை நன்றாக ஊறவைத்து, குச்சியால் ஆங்காங்கே துளை போட்டு, அப்படியே நட்டுவிடுங்கள். வாளியில் மிஞ்சும் சேற்றுத் தண்ணீரைப் பாத்ரூமில் கொட்டினால் பிளம்பருக்குச் செலவு வைப்பீர்கள். தெருமரத்துக்கு ஊற்றுங்கள்.

நடும்போது பழைய மண் மட்டம் எங்கே இருந்ததோ அங்கேயே இருக்கட்டும். ரோஜா என்றால் ஒட்டுக்கட்டிய இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். பிறகு மனசைக் கல்லாக்கிக்கொண்டு எல்லாப் பூவையும் மொட்டையும் கிள்ளி எடுத்துவிடுங்கள். பூவுக்காகத்தான் வாங்கினோம், தெரியும். ஆனால் வேர் பிடிக்கும் வரை அந்தப் பூக்கள் செடிக்குப் பாரம். ஒரு வாரம், பத்து நாள் நிழல். ஒரு மாதத்துக்கு உரம் கிடையாது. சில இலைகள் பழுத்து உதிரும். தண்டை நகத்தால் லேசாகக் கீறினால் பச்சை தெரிகிறதா, பயப்பட வேண்டாம்.

ஏற்கெனவே நட்டாகிவிட்டது, செடி வாடுகிறது என்பவர்கள் மறுபடி பிடுங்க வேண்டாம். சின்னத் தொட்டி என்றால் தொட்டியோடு தண்ணீரில் முக்கி, குமிழி வருவது நிற்கும் வரை வைத்து, எடுத்து வடிய விடுங்கள். நனைந்த உருண்டையில் குச்சியால் துளைகள் போடுங்கள். வாரம் ஒருமுறை இப்படிச் செய்தால் வேர் மெல்ல வெளியே வந்துவிடும்.

இந்த வேலைக்கு ஜூலை, ஆகஸ்ட் நல்ல மாதங்கள். அக்டோபர் மழைக்குள் வேர் பிடித்துவிடும். கத்திரி வெயிலில் கை வைக்காதீர்கள்.

தண்ணீர்

விரலை மண்ணுக்குள் ஒரு கணு விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். ஹோஸ் வேண்டாம், பூவாளி வாங்குங்கள். ஹோஸ் மண்ணைக் குழி பறித்துவிடும். பிற்பகலில் மொட்டைமாடி டேங்க் தண்ணீர் கை வைக்க முடியாத சூட்டில் வரும், அதனால் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

போர் தண்ணீர்தான் என்றால் மண் தொட்டியின் வெளிப்புறம் வெள்ளையாக உப்புப் பூப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே உப்பு உள்ளேயும் சேர்கிறது. கொஞ்ச நாளில் கொழுந்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அது இரும்புச் சத்துக் குறை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து கிராம் அன்னபேதி (ஃபெரஸ் சல்பேட்) கரைத்து, மாதம் ஒருமுறை இலையில் தெளித்தால் தேறும். தரையில் சிந்தினால் துருக்கறை படியும், கவனம். ஆர்.ஓ. கழிவுநீரை ஊற்றவே கூடாது, உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. ஏ.சி. குழாயில் சொட்டும் தண்ணீர் நேர் எதிர், உப்பே இல்லாதது. அதற்கு அடியில் ஒரு வாளி வையுங்கள்.

தொட்டிக்குக் கீழே தட்டு வைப்பவர்கள் அதில் நிற்கும் தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை கொட்டிவிடுங்கள். டெங்கு கொசுவுக்கு அந்தத் தண்ணீரே தாராளம்.

கவாத்து, பூச்சி, புயல்

குண்டுமல்லியை நவம்பர் கடைசியில், மழை விட்ட ஒரு நாள் பார்த்து, ஒன்றரை அடி உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். கொடூரமாகத் தெரியும். மார்ச்சில் பூக்கும்போது புரியும். செம்பருத்தியில் வெள்ளையாக மாவுப்பூச்சி ஒட்டினால், ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள். சோப் இல்லாமல் எண்ணெய் தண்ணீரில் கலக்காது.

புயல் எச்சரிக்கை வந்தால் தொங்கும் தொட்டிகளை முதலில் இறக்குங்கள், உயரமானவற்றைச் சுவரோரம் படுக்க வைத்துவிடுங்கள். 2016 வர்தாவில் பெரிய பெரிய மரங்களே சாய்ந்தன, தொட்டி எம்மாத்திரம்.

பிற்சேர்க்கை

இதைப் படித்த வேளச்சேரி வாசகி ஒருவர், வேப்பெண்ணெய் அடித்தும் மாவுப்பூச்சி திரும்பத் திரும்ப வருகிறது என்று கேட்டிருந்தார். விசாரித்ததில் தொட்டிக்குள் எறும்புப் புற்று. மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், செடிக்குச் செடி தூக்கிக்கொண்டும் போகும். தொட்டியைத் தண்ணீரில் முக்கி எறும்பை விரட்டிய பிறகு மருந்து அடியுங்கள்.

இன்னொருவருக்குப் பூனைத் தொல்லை, புதுக் கலவை போட்ட அன்றே தோண்டிவிடுகிறதாம். மேல்மண்ணில் முக்கால் இஞ்ச் ஜல்லியை ஒரு வரிசை பரப்பிவிடுங்கள், தோண்ட வராது. வெயில் காலத்தில் ஈரமும் சீக்கிரம் போகாது.