கரிசலில் சாம்பலும் சுண்ணாம்பும் கலக்கும்போது

மழைக்கு வீங்கும் கரிசலை இறுக்க, அனல்மின் நிலையச் சாம்பலும் சுண்ணாம்பும் கலந்து சாலை போட வரும் புதுப் பொறியாளர்களைப் பார்க்கிறேன். நான் அந்த வயதில் செய்த தவறுகளை அச்சு பிசகாமல் செய்கிறார்கள். தண்ணீர் கூடிப்போவது, ரோலர் ஓட்டம் குறைவது எல்லாம் மேஸ்திரியே திருத்திவிடுவார். அவர் கண்ணுக்கும் தப்புபவை இவை.

சல்பேட் பார்க்காமல் சுண்ணாம்பு போடுவது

பெரம்பலூர் மாவட்டம், காரை பக்கம் ஒரு கிராமச் சாலை. தோண்டிய குழியில் கண்ணாடிச் சில்லு மாதிரி ஏதோ மினுங்கியது. கேட்டதற்கு, "காடு பூரா கிடக்கும் சார்" என்றார்கள். சரி என்று விட்டுவிட்டேன். அது ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட்.

சுண்ணாம்பும் சாம்பலும் கலந்தோம். ஏழாம் நாள் சோதனையில் வலிமை பிரமாதம். ஐப்பசி மழைக்கு அப்புறம் போய்ப் பார்த்தால், சாலை நாலு விரல் உயரத்துக்கு வரப்பு வரப்பாக எழும்பி நிற்கிறது. சுண்ணாம்பு போதவில்லை என்று நினைத்து, கிளறி இன்னும் கொஞ்சம் போட்டேன் பாருங்கள், அதை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான். அடுத்த மழையில் மறுபடி எழும்பியது.

சுண்ணாம்பு சேர்ந்ததும் களிமண்ணின் காரத்தன்மை ஏறி, அதிலுள்ள அலுமினா (அலுமினியச் சத்து) கரைகிறது. அது கால்சியத்தோடும் சல்பேட்டோடும் சேர்ந்து எட்ரிங்கைட் என்னும் ஊசிப் படிகமாகிறது. அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் 26 நீர் மூலக்கூறுகள். மண் வீங்காமல் என்ன செய்யும்?

கிலோ மண்ணுக்கு 3 கிராம் சல்பேட்டைத் தாண்டினாலே உஷாராக வேண்டும். அப்படிப்பட்ட மண்ணில் சுண்ணாம்பில் பெரும்பகுதியைக் குறைத்து, இரும்பாலைக் கசடுத் தூளைச் சேர்த்தால் வீக்கம் நன்றாக அடங்கும். உர ஆலையில் கழிவாக வரும் பாஸ்போஜிப்சம் சும்மா கிடைக்கிறதே என்று லாரி அனுப்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அதுவும் கால்சியம் சல்பேட்தான். சோதனைச் செலவு சில ஆயிரம். தோண்டிப் போட்ட செலவை நான் வீட்டில்கூடச் சொல்லவில்லை.

சாம்பல் எல்லாம் ஒன்று என்று நினைப்பது

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து அதிகம். தண்ணீர் பட்டதும் தானே இறுகும். தூத்துக்குடி அனல்மின் நிலையச் சாம்பலில் அது குறைவு. சுண்ணாம்போ சிமெண்டோ துணைக்கு வேண்டும்.

மண்கட்டி உடைக்காமல் கலப்பது

கட்டிக்குள் சுண்ணாம்பு நுழையாது.

கலந்துவிட்டுச் சாப்பிடப் போவது

நெய்வேலிச் சாம்பல் காத்திருக்காது. ரோலரை ஓட்டி முடித்துவிட்டு இலை போடுங்கள்.