நரிவேட்டைப் பின்னணியில் எழுதப்பட்ட துப்பறியும் நாவல்களை வாசிப்பது எப்படி?

அமெரிக்க எழுத்தாளர் ரீட்டா மே பிரவுன் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ‘சிஸ்டர் ஜேன்’ நாவல் வரிசை, வர்ஜீனியா மாநிலத்தின் நீல முகட்டு மலையடிவாரத்தில் குதிரையேறி நரியைத் துரத்தும் ஒரு வேட்டைச் சங்கத்தைக் களமாகக் கொண்டது. கொலை எப்போது வரும் என்று பக்கங்களைத் தாண்டித் தாண்டிப் படித்தால் இதன் சுவை கைக்கு வராது. வேட்டையை எவ்வளவு கவனமாகப் படிக்கிறோமோ அவ்வளவுக்குத்தான் கொலையும் விளங்கும் என்பதால், அதற்கு உதவும் சில வழிகளை இங்கே கூறுகிறேன்.

முதல் நாவலான ‘அவுட்ஃபாக்ஸ்ட்’ நூலிலிருந்தே தொடங்குங்கள். எழுபது வயதை நெருங்கும் விதவை ஜேன் ஆர்னல்டு, ஊராருக்குச் ‘சிஸ்டர்’, ஜெஃபர்சன் வேட்டைச் சங்கத்தின் தலைவி. தன்னோடு இணைத்தலைவராக யாரைத் தேர்ந்தெடுப்பது என்பது அவருடைய சிக்கல். ஒருவர் பழங்குடும்பத்தின் வழி வந்தவர். மற்றவர் வெளியூரிலிருந்து வந்து குடியேறிய பெரும் பணக்காரர். வேட்டைக் குதிரைகள் பிறர் நிலங்களின் வழியாகவே ஓடியாக வேண்டும் என்பதால், நில உரிமையாளர்களின் நல்லெண்ணம் இல்லாமல் சங்கம் ஒரு நாள்கூட நிலைக்காது. ஆகவே யார் யாருடைய வேலியைத் தாண்டுகிறார், யாரிடம் அனுமதி கேட்கிறார், யார் கேட்பதில்லை என்பதைக் குறித்துக்கொண்டே வாருங்கள். கொலைக்கான காரணங்கள் பெரும்பாலும் அந்த வேலிகளுக்கருகில்தான் முளைக்கின்றன.

அடுத்து, ஒரு சில வேட்டைச் சொற்களை மட்டும் மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். ‘மாஸ்டர்’ சங்கத்தின் தலைவர். ‘ஹண்ட்ஸ்மன்’ ஊதுகொம்புடன் நாய்களை நடத்துபவர். ‘விப்’ எனப்படுவோர் அவருக்குத் துணையாக நின்று, நாய்கள் சிதறிப்போகாமல் பார்த்துக்கொள்பவர்கள். வேட்டை நாய்களைச் சோடிக் கணக்கில்தான் எண்ணுவார்கள்; இருபதரைச் சோடி என்றால் நாற்பத்தொரு நாய்கள். செந்நிறக் கோட்டைப் ‘பிங்க்’ என்று அழைப்பது அந்த உலகின் பழைய வழக்கம். நிறத்தைத் தவறாகக் குறிப்பிட்டுவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம்.

மிகுந்த கவனத்தோடு படிக்க வேண்டியது மோப்பத்தைப் பற்றிய பகுதிகளை. ஈரமான, குளிர்ந்த காலையில், நிலம் காற்றைவிடச் சற்றே வெதுவெதுப்பாக இருக்கும்போது நரியின் மணம் தரையை ஒட்டி நிற்கும். வெயிலும் வறண்ட காற்றும் அதைக் கலைத்துவிடும். செந்நரி நெடுந்தூரம் நேராக ஓடக்கூடியது. சாம்பல் நரி வட்டமடிக்கும், மரமும் ஏறும். ஓடையில் இறங்கியும், வேலியின் மேல் நடந்தும், மாட்டு மந்தைக்குள் புகுந்தும் நரி தன் தடத்தை மறைக்கிறது. இந்த உத்திகளை அறிந்துகொண்ட வாசகர், மனிதர்கள் தடம் மறைக்கும் இடங்களையும் விரைவில் கண்டுகொள்வார். துப்பறிதலுக்கு இதைவிடப் பொருத்தமான பின்னணியை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஆசிரியரே வர்ஜீனியாவில் ஒரு வேட்டைச் சங்கத்தின் தலைவராக இருப்பவர் என்பதால், வானிலையைப் பற்றிய ஒரு வரிகூட அலங்காரத்துக்காக எழுதப்பட்டதாகத் தோன்றுவதில்லை.

நரிகளும் நாய்களும் குதிரைகளும் ஆந்தைகளும் இந்நாவல்களில் பேசுகின்றன. மனிதர்களுக்கு அது புரிவதில்லை. பஞ்சதந்திரக் கதைகளில் பழகிய நமக்கு இது புதிதல்ல என்றாலும், அங்கே விலங்குகள் நீதி சொல்ல வருகின்றன; இங்கே அவை சாட்சிகள். ஆகவே இவ்வுரையாடல்களைக் குழந்தைத்தனம் என்று ஒதுக்காமல், எந்த விலங்கு எதைப் பார்த்தது என்று கவனியுங்கள்.

உயிரைத் துரத்துவது விளையாட்டா என்ற தயக்கம் உங்களுக்கு இருக்கலாம், எனக்கும் இருந்தது. இங்கிலாந்தில் நாய்களைக் கொண்டு நரிவேட்டையாடுவது 2004ஆம் ஆண்டின் சட்டத்தால் தடைசெய்யப்பட்டு, 2005 பிப்ரவரியில் அத்தடை நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவிலோ துரத்துவதே நோக்கம். நரி வளைக்குள் புகுந்துவிட்டால் அன்றைய ஓட்டம் அத்துடன் முடியும். சிஸ்டர் தன் பகுதி நரிகளைப் பேணுபவர். அவை கொல்லப்படுவதை விரும்பாதவர். நீலகிரியின் வென்லாக் புல்வெளிகளில் பிரித்தானியர் நாய்களை ஏவித் துரத்தியது குள்ளநரிகளை என்பதை அறிந்தவர்கள், அந்தப் படத்தை ஒதுக்கி வைத்துவிட்டே இந்நூல்களுக்குள் நுழைவது நல்லது.

முதல் நாவலை முடித்ததும் 2002இல் வெளிவந்த ‘ஹாட்ஸ்பர்’ நூலுக்குச் செல்லுங்கள். இடையில் வேறு நாவலுக்குத் தாவ வேண்டாம். இருபது ஆண்டுகளுக்கு முன் காணாமற்போன ஒரு பெண்ணின் எலும்புகள் அதில் மண்ணிலிருந்து வெளிப்படுகின்றன. அவள் வாழ்ந்த நாளில் அவளோடு குதிரையேறியவர்கள் இன்றும் அதே வயல்களில் வேட்டைக்கு வருகிறார்கள். முதல் நூலில் அந்தச் சங்கத்தோடு பழகிக்கொண்ட வாசகருக்கே அவர்களுடைய மௌனம் கேட்கத் தொடங்கும்.