காற்றை மறைக்காதீர்கள்: புது டைவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூச்சை அடக்கக் கூடாது, தனியாக இறங்கக் கூடாது என்பதையெல்லாம் ஸ்கூபா (முதுகில் காற்று டேங்க் கட்டிக் கடலுக்குள் இறங்குவது) வகுப்பில் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். அதையே நானும் எழுதப் போவதில்லை. போன வாரம் படகில் ஏறிய ஒரு புதுப் பையனின் கேஜைப் பார்த்தேன். டேங்கில் எவ்வளவு காற்று மிச்சம் என்று ‘பார்’ என்ற அழுத்த அளவில் காட்டும் மானி அது. முள் 20 பாருக்குக் கீழே கிடந்தது. சற்று முன்பு 18 மீட்டர் ஆழத்தில் நான் கேட்டபோது, விரலால் 70 என்று காட்டியிருந்தான்.

“அண்ணா, எல்லாரும் நல்லா சுத்திட்டு இருந்தாங்க. என்னால டைவ் முடிஞ்சிடக் கூடாதுன்னு நெனச்சேன்” என்றான்.

பதினைந்து வருடங்களுக்கு முன்பு நானும் இதே பொய்யை இதே விரல்களால் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

காற்றை மறைப்பது

புதிதாக இறங்குபவருக்குக் காற்று சீக்கிரம் தீரும். அதில் அவமானப்பட ஒன்றுமில்லை. பயம் இருக்கும், கையை வீசி நீந்துவார், தண்ணீரில் அமிழ்வதற்காக இடுப்பில் கட்டும் எடையைத் தேவைக்கு மேல் கட்டியிருப்பார். பத்து இருபது டைவ் போனால் தானாகவே சரியாகிவிடும். ஆனால் “நீதான் எப்பவும் முதல்ல மேல வர்ற” என்று யாராவது ஒருமுறை சொன்னால் போதும், அது மனதில் தைத்துவிடுகிறது. பிறகு மூச்சை இழுத்துப் பிடித்துச் சிக்கனம் செய்யப் பார்ப்பார். உடம்பில் கரியமில வாயு சேர்ந்து தலைவலிதான் மிஞ்சும். அடுத்து கேஜை மறைக்க ஆரம்பிப்பார்.

“50 பாரோடு மேலே வந்தால் போதும்” என்று பலரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். அது படகில் ஏறும்போது டேங்கில் மிச்சம் இருக்க வேண்டிய அளவு. 30 மீட்டரில் 50 பார் வரும்வரை சுற்றலாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 மீட்டரில் அழுத்தம் 4 பார், அதாவது மேற்பரப்பைவிட நான்கு மடங்கு காற்று செலவாகும். ஒருவருக்குக் காற்று தீர்ந்துவிட்டது, இருவரும் ஒரே டேங்கில் மூச்சு விடுகிறார்கள். பதற்றத்தில் ஆளுக்கு நிமிடத்துக்கு, மேற்பரப்புக் கணக்கில், 30 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். நிலைமையைச் சமாளிக்க அடியிலேயே ஒரு நிமிடம் போனால் 240 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் மேலே வர ஏறத்தாழ 500 லிட்டர். உடம்பில் கரைந்த நைட்ரஜன் மெல்ல வெளியேற 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்க 270 லிட்டர். மொத்தம் 1,010 லிட்டர். 12 லிட்டர் டேங்கில் அது 84 பார். கையில் 50 பார்தான் இருந்தால், சேர்ந்து வரும் இருவருக்குமே அது போதாது. நீங்கள் சொல்லும் பொய்க்கு உங்களோடு துணையாக இறங்கும் ஜோடியும் விலை கொடுக்க வேண்டிவரும்.

டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற டைவிங் பாதுகாப்பு அமைப்பின் ஆய்வாளர்கள் 1992 முதல் 2003 வரை நடந்த 947 ஸ்கூபா மரணங்களை அலசி 2008-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். விபத்து எதில் தொடங்கியது என்று கண்டறிய முடிந்தவற்றில் 41 சதவீதம் காற்றுப் பற்றாக்குறையில் தொடங்கியவை.

எங்கள் குழுவிலும் ஒருவர் அப்படித்தான் போனார். புதியவர் இல்லை, நூற்றுக்கணக்கான டைவ் பார்த்தவர். படகு திரும்பியதும் எல்லாருடைய முகக்கவசத்தையும் வாங்கி நல்ல தண்ணீரில் அலசி வைப்பது அவர் வழக்கம். அன்று ஆழத்தில் காற்று தீர்ந்து, பதறி நேராக மேலே பாய்ந்துவிட்டார். குடும்பத்திடம் கொடுப்பதற்காக அவருடைய டைவ் நோட்டை எடுத்துப் புரட்டினோம். மீதிக் காற்று எழுதும் கட்டத்தில் 30, 25, 30, 20 என்று பக்கம் பக்கமாக இருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் கீழும் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தது நாங்கள். ஒருவர்கூட அந்த எண்ணைப் படித்திருக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்தக் கட்டத்தைப் பாருங்கள். ‘மேலே போகலாம்’ என்று யார் கட்டைவிரலை உயர்த்தினாலும் காரணம் கேட்காமல் கூடவே போங்கள். படகில் ஏறிய பிறகும் அதைப் பேச்சாக்காதீர்கள்.

எடையைக் கழற்றாமல் தவிப்பது

மேலே வந்தும் மிதக்க முடியவில்லையா, எடையைக் கழற்றி விடுங்கள். இறந்தவர்களில் பலரை எடை இடுப்பில் இருந்தபடியேதான் எடுத்திருக்கிறார்கள்.

தோள்வலியை விழுங்குவது

டைவுக்குப் பிறகு மூட்டு வலித்தாலோ கை மரத்தாலோ, டேங்க் தூக்கியதால் வந்தது என்று நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். உடம்பில் கரைந்த நைட்ரஜன் குமிழாவதால் வரும் நோயாகவும் இருக்கலாம். உடனே சொல்லுங்கள். முதலில் ஆக்சிஜன், அப்புறம் மருத்துவர்.

விமானம்

விமானத்தில் அழுத்தம் குறைவதாலும் அதே குமிழ் நோய் வரலாம். பல டைவ் போனவர்கள் குறைந்தது 18 மணி நேரம் பறக்காதீர்கள்.

இழப்புக்குப் பிறகு வாய் விடுவது

ஒரு மரணம் நடந்தால் மாலைக்குள் ஆளுக்கொரு காரணம் கிளம்பிவிடும். “ரெகுலேட்டர் (டேங்க் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் கருவி) மட்டம்”, “ஜோடி விட்டுட்டுப் போயிட்டான்.” அதை அவர் பிள்ளைகளும் கேட்பார்கள் என்ற நினைப்பே யாருக்கும் இருக்காது. இறந்தவரின் உபகரணத்தைக் கழுவாதீர்கள், பிரிக்காதீர்கள். டேங்க் வால்வை மூட வேண்டியிருந்தால் எத்தனை சுற்றில் மூடியது என்று எண்ணி எழுதி வையுங்கள். வால்வு முழுவதும் திறந்திருந்ததா என்பது அதில்தான் தெரியும். டேங்கில் மிச்சம் இருக்கும் காற்றையும் சோதிப்பார்கள், திறந்து விட்டுவிடாதீர்கள்.

கூட இறங்கியவரைக் குடையாதீர்கள். நடந்ததை விசாரிக்க வருபவர்களிடம் அவர் சொல்லிக்கொள்வார். எங்கள் நண்பரின் ஜோடியாக அன்று இறங்கியவர் எட்டு மாதம் படகுப் பக்கமே வரவில்லை. வாரம் ஒருவராக அவர் வீட்டுக்குப் போய் வந்தோம். டைவ் பற்றி அவராக எடுத்தால்தான் பேச்சு. திரும்பி வந்த அன்று நாங்கள் மூன்று பேர் அவரோடு இறங்கினோம். 6 மீட்டருக்குக் கீழே போகவில்லை. அரை மணி நேரத்தில் பத்துத் தடவையாவது அவர் தன் கேஜைத் திருப்பி எங்களுக்குக் காட்டியிருப்பார். ஒவ்வொரு தடவையும் நாங்கள் மூன்று பேரும் பக்கத்தில் போய் எண்ணைப் படித்துவிட்டு, எங்கள் கேஜையும் திருப்பிக் காட்டினோம்.