ஜப்பானின் 209 ரக ரயில்: அதன் புதுப்பிப்பைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

209 என்ற எண்ணைச் சொன்னாலே ரயில் ஆர்வலர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது, “எடை பாதி, விலை பாதி, ஆயுள் பாதி” என்ற வாசகம்தான். 1993-இல் டோக்கியோவின் கெய்ஹின்-தோஹோகு தடத்தில் ஓடத் தொடங்கிய இந்த ரயிலை, கிழக்கு ஜப்பானில் ரயில் ஓட்டும் ஜேஆர் ஈஸ்ட் நிறுவனம் அந்தக் குறிக்கோளோடுதான் வடிவமைத்தது. ஆனால் இந்த வாசகத்தை வைத்தே இந்த ரயிலைப் பற்றிய பெரும்பாலான தவறுகளும் பிறக்கின்றன.

“ஆயுள் பாதி” என்றதும், 13 வருடத்தில் உளுத்துப்போகும் மலிவுச் சரக்கு என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அந்த 13 வருடம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தாலே விஷயம் தெளிவாகும். ஜப்பானிய வரிச் சட்டப்படி ஒரு மின்சார ரயில் பெட்டியின் மதிப்பைக் கணக்கில் தேய்மானமாகக் கழித்து முடிக்க வேண்டிய காலம் 13 ஆண்டுகள். 1987-இல் அரசு ரயில்வே உடைந்து ஜேஆர் நிறுவனங்கள் உருவானபோது, ஜேஆர் ஈஸ்டின் தலையில் ஏராளமான 103 ரக ரயில்கள் வந்து விழுந்தன. அந்த ரகத்தில் 1963 முதல் 1984 வரை கட்டப்பட்டவை 3,447 பெட்டிகள். இரும்பு உடல், துரு, மறுபடி மறுபடி வண்ணப்பூச்சு, பெரிய பெரிய பழுதுபார்ப்பு. அந்தச் செலவிலிருந்து வெளியே வரத்தான் புது ரயிலைத் திட்டமிட்டார்கள். 13 ஆண்டு வரை உடலைப் பிரித்துப் போட்டுச் சரிசெய்யும் வேலையே வரக்கூடாது. அதற்குப் பிறகு மாற்றினாலும் நஷ்டமில்லை என்பதுதான் கணக்கு. ரயிலை ஒதுக்கிவிடலாம் என்றுதான் சொன்னார்கள். ஒதுக்கியே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை.

“மலிவு” என்ற சொல்லையும் பார்த்துப் பயன்படுத்த வேண்டும். பத்துப் பெட்டி கொண்ட 103 ரேக்கில் (ரேக் என்பது ஒன்றாகக் கோத்து ஓடும் பெட்டித் தொகுதி) ஆறு பெட்டிகளில் மோட்டார் இருக்கும். 209-இல் நான்கே போதும். மோட்டாரின் திறனும் 110 கிலோவாட்டிலிருந்து 95-ஆகக் குறைந்தது. உடல் எடை குறைந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்பதாலும், பிரஷ் தேயும் தொல்லை இல்லாத ஏசி மோட்டாரை இன்வெர்ட்டர் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை மாற்றித் தரும் மின்னணுக் கருவி) கட்டுப்படுத்தியதாலும் இது முடிந்தது. மின்சாரச் செலவு 103 ரகத்தில் ஆனதில் ஏறக்குறைய பாதி. இதைத் தரக்குறைவு என்று சொல்வது அநியாயம்.

குறையே இல்லையா என்றால், இருந்தது. பக்கவாட்டில் பெரிய பெரிய கண்ணாடிகளைத் திறக்க முடியாதபடி பதித்திருந்தார்கள். நடுவழியில் மின்சாரம் நின்று ஏசியும் நின்றால் உள்ளே இருப்பவர்கள் பாடு திண்டாட்டம்தான். 2000-களின் நடுவில்தான் சில ஜன்னல்களைத் திறக்கும்படி மாற்றினார்கள். இன்று திறக்கும் ஜன்னலைப் பார்த்துவிட்டு “ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான்” என்று எழுதிவிடாதீர்கள்.

அடுத்த தவறு, புதுப்பிப்பை இருக்கையையும் வண்ணப்பட்டையையும் வைத்து அளப்பது. கெய்ஹின்-தோஹோகு தடத்திலிருந்து 209 முழுவதுமாக விலகியது 2010 ஜனவரியில். அதற்கு முன்பே, 2009 அக்டோபரில், புதுப்பித்த பெட்டிகள் சிபா மாநிலத்தின் போசோ தீபகற்பப் பகுதியில் ஓட ஆரம்பித்துவிட்டன. நீலப் பட்டை போய் மஞ்சளும் நீலமும் வந்தது. படம் எடுப்பவர்கள் கண்ணில் படுவது அதுதான். உண்மையான வேலை தரைக்குக் கீழே நடந்தது. ஸ்டெயின்லெஸ் உடல் துருப்பிடிக்காமல் நன்றாகத்தான் இருந்தது. வயதாகிப்போனது மின்னணுக் கருவிகளுக்கு. 1990-களின் ஜிடிஓ என்ற பழைய வகைக் குறைகடத்திச் சுவிட்சில் இயங்கிய இன்வெர்ட்டர்களை எடுத்துவிட்டு, ஐஜிபிடி என்ற புதிய வகையில் இயங்குபவற்றைப் பொருத்தினார்கள். அதனால் ரயில் கிளம்பும்போது எழும் ஓசையே மாறிப்போனது. பழைய ஒலிப்பதிவைப் போசோ ரயிலின் படத்தோடு சேர்த்துப் போட்டால், தெரிந்தவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பயணிகளுக்காகச் செய்த மாற்றங்களையும் அந்த ஊரோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். நகரத்தில் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு நிலையம் வரும், நின்றுகொண்டே போய்விடலாம். போசோவின் உச்சிபோ, சோதோபோ தடங்களில் ஒருவர் மணிக்கணக்கில் உட்கார்ந்து வருவார். அதனால்தான் கழிப்பறை வந்தது, இரு முனைப் பெட்டிகளில் எதிரெதிராக அமரும் இருக்கைகள் வந்தன. ஒற்றைத் தண்டவாளப் பகுதிகளில் எதிர் வண்டிக்காகக் காத்து நிற்கும்போது எல்லாக் கதவும் திறந்தே கிடக்காமல் இருக்க, பயணியே அழுத்தும் கதவுப் பொத்தான்களும் வந்தன.

என்னை மிகவும் உறுத்தும் தவறு ஒன்று உண்டு. “பத்துப் பெட்டி ரேக்கை நாலும் ஆறுமாக வெட்டிப் போசோவுக்கு அனுப்பினார்கள்” என்பது அது. எண்ணிக்கை பொருந்துவதால் நம்பத் தோன்றும். ஆனால் பத்துப் பெட்டி ரேக்கில் ஓட்டுநர் அறை உள்ளவை இரண்டே இரண்டு. மோட்டார் உள்ளவை நான்கு. மீதி நான்கும் வெறும் இழுவைப் பெட்டிகள், அதாவது மோட்டாரும் ஓட்டுநர் அறையும் இல்லாமல் இழுபட்டுப் போகிறவை. போசோவின் நாலு பெட்டி ரேக்கிலும் சரி, ஆறு பெட்டி ரேக்கிலும் சரி, இரு முனையிலும் ஓட்டுநர் அறை, நடுவில் முழுக்க மோட்டார் பெட்டிகள். ஆக, ஒரு பழைய ரேக்கிலிருந்து ஒரு புது ரேக்தான் கிடைக்கும். நாலு ஒன்றும் ஆறு ஒன்றும் வேண்டுமென்றால் இரண்டு பழைய ரேக்குகள், அதாவது இருபது பெட்டிகள் வேண்டும். அதில் பத்து மிஞ்சிவிடும். நடுவிலிருந்த இழுவைப் பெட்டிகளுக்குப் போசோவில் இடமே இல்லை. நெரிசல் நேரத்தில் இருக்கைகளை மடித்துப் பூட்டி வைத்த ஆறு கதவுப் பெட்டியும் அவற்றில் ஒன்றுதான். அதைத் தேடிக்கொண்டு போசோ போகாதீர்கள். ஒரு ரயில் ரகம் “தப்பியது” என்று எழுதும்போது அதில் எந்தப் பெட்டிகள் தப்பின என்று எண்ணிப் பார்ப்பது நாம் அந்த ரயிலுக்குச் செய்யும் குறைந்தபட்ச மரியாதை.

இதே சிக்கலுக்கு 205 ரகத்தில் வேறு தீர்வு கண்டார்கள். 1985-இல் டோக்கியோவின் யாமனோதே வளையத் தடத்துக்கு வந்த 205, 2005-இல் அங்கிருந்து விலகியது. பதினொரு பெட்டி ரேக்குகளாக ஓடியவை சுருமி, நம்பு கிளைத் தடம் போன்ற இடங்களுக்கு இரண்டு, மூன்று பெட்டிகளாகப் போக வேண்டியிருந்தது. ஓட்டுநர் அறை போதவில்லை. அதனால் நடுப்பெட்டிகளின் ஒரு முனையை அறுத்து அங்கே புதிதாக ஓட்டுநர் அறை கட்டினார்கள். அந்த முகம் பழைய 205-இன் முகத்தைப் போல இருக்காது. அதைப் பார்த்துவிட்டு இது புது ரயில் என்று முடிவுகட்டுவது சுலபமாக நேரும் தவறு. பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்ணைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

எண் என்றதும் சொல்லிவிடுகிறேன்: போசோ பெட்டிகளில் 2000 எண்வரிசையும் 2100 எண்வரிசையும் உண்டு. வித்தியாசம் வசதியில் இல்லை. மூலப்பெட்டியின் கதவு காற்றழுத்தத்தில் இயங்கியதா, மின்சாரத்தில் இயங்கியதா என்பதுதான். 500 எண்வரிசை வேறு குடும்பம் என்றே சொல்லலாம். அதன் உடல் அகலம் 2,950 மில்லிமீட்டர், ஆரம்ப 209-க்கோ 2,800. எல்லாவற்றையும் வெறுமனே “209” என்று எழுதி அளவுகளைக் கலந்துவிட வேண்டாம்.

கடைசியாக ஒன்று. 2021 மார்ச்சில் உச்சிபோ, சோதோபோ தடங்களின் கடைக்கோடிப் பகுதிக்கு இ131 ரகம் வந்ததும், 209 தேய்ந்துபோய்விட்டது என்று பேச்சு எழுந்தது. இ131 இரண்டே பெட்டி, ஓட்டுநர் ஒருவரே சமாளிக்கும்படி அமைந்தது. பயணிகள் குறைந்த தடத்துக்கு நாலு பெட்டி அதிகம் என்பதே அங்கு விஷயம். அப்படி மிஞ்சிய 209 பெட்டிகளை ஷிசுவோகா மாநிலத்தின் இஸுக்யூ நிறுவனம் வாங்கி, 3000 ரகம் என்று பெயர் மாற்றி, 2022 ஏப்ரலில் கடலோரத் தடத்தில் ஓட்டத் தொடங்கியது. அதற்கும் முன்பே, 2018 ஜனவரியில், நம்பு தடத்தில் ஓடிய ஒரு 209 ரேக் ரியோகொகு நிலையத்திலிருந்து போசோவுக்குச் சைக்கிளோடு போகிறவர்களுக்கான தனி ரயிலாக மாறியிருந்தது. ஒவ்வோர் இருக்கைக்கும் அருகிலேயே சைக்கிளை நிறுத்த அதில் இடம் வைத்திருக்கிறார்கள்.