கசிந்த கடல்நீர் மீன் தொட்டியை மீண்டும் அமைத்தல்

கண்ணாடித் தொட்டியின் வெளிமூலையில் உப்பு பூத்திருந்தால், கசிவு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். முதலில் மீன்களையும் கற்களையும் அதே தொட்டி நீரோடு பிளாஸ்டிக் டிரம்முக்கு மாற்றி, காற்றுப் பம்பை ஓட விட வேண்டும். கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் கற்களின் நுண்துளைகளில் வாழ்வதால், கற்கள் காயவே கூடாது. அழுக்கேறிய பழைய மணலைக் கொட்டிவிடுவதே நல்லது.

கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் பசையான பழைய சிலிக்கானின்மேல் புதியது சரியாக ஒட்டாது. ஆகவே உள்மூலைகள் அனைத்தையும் பிளேடால் சுரண்டி, கடற்காற்று கண்ணாடியில் படியவிட்ட மெல்லிய உப்பையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்த பின்பே பூச வேண்டும். பூஞ்சைத் தடுப்பு கலந்த குளியலறை சிலிக்கான் மீன்களுக்கு நஞ்சாகலாம்; மீன் தொட்டிக்கென்றே விற்பதை வாங்குங்கள். சிலிக்கான் காற்றின் ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகுகிறது என்பதால், நம் கரையோர ஈரக்காற்றைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் வினிகர் வாடை முற்றிலும் நீங்கும்வரை, ஒரு வாரமேனும், பொறுத்திருக்க வேண்டும். கண்ணாடிகளுக்கு இடையிலுள்ள ஒட்டே விட்டிருந்தால் மேல்பூச்சு பயன்படாது. பிரித்துத்தான் ஒட்ட வேண்டும்.

அடியில் செய்தித்தாளை விரித்து, நல்ல தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் சோதியுங்கள்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மண்டபம், பாம்பன் கரைநீர் கலங்கியும் உவர்ப்புக் குறைந்தும் இருக்கக்கூடும் என்பதால், வடிகட்டித் தெளியவைத்து, நல்ல தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி 1.025 அளவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கல் போதவில்லையென்று பவளத்தில் கைவைக்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். கழிவிலிருந்து உண்டாகும் நச்சுகளான அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சுழியத்துக்கு இறங்கிய பிறகே மீன்களை ஒவ்வொன்றாக விடவேண்டும்.